பெண் மக்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

(வருடாந்திரப் பொதுக்குழுவையொட்டிப் பள்ளிவாசலில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

சென்ற ரமளானுக்கு முன், ஒரு மஃரிப் தொழுகை முடிந்ததும் ஹாங்காங்கிலிருந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். கையில் இரண்டு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் விண்ணப்பப் படிவங்கள். மகள் ஆறாம் வகுப்புக்குச் செல்ல வேண்டும். ஒரு பள்ளி ஊருக்குள் இருக்கிறது. மற்றொன்று பேருந்தில் செல்ல வேண்டிய தொலைவு. "ஹஜ்ரத், எது நல்லதென்று நீங்களே இஸ்திகாரா செய்து சொல்லிவிடுங்கள்" என்றார்.

இஸ்திகாரா என்பது தேவையுடையவர் தாமே தொழுது ரப்பிடம் கேட்க வேண்டியது. அதைப் பிறர் தலையில் ஏற்றிவிடும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ நாமறியோம். அதற்கு முன் விசாரணையும் மஷூராவும் வேண்டும். ஆகவே, "தம்பி, இவ்விரண்டில் எதில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கிறது?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. பேருந்தின் நிறம் தெரிந்திருந்தது. குளிரூட்டிய கணினி அறை தெரிந்திருந்தது.

நமது தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் எடுத்தவரின் நசீபு. சலாபம் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பள்ளிக்கூடத்தை மட்டும் நாம் இன்னும் அந்த ஏலத்து முறையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மெட்ரிகுலேஷன் பாடம் உயர்ந்தது என்று எண்ணியே பலர் கடன் வாங்குகின்றனர். முற்காலத்தில் அதற்குத் தனிப் பாடத்திட்டம் இருந்தது உண்மை. 2010 ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின் 2011 இல் பத்தாம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் பாடம் ஒன்றே, பொதுத்தேர்வும் ஒன்றே. வேறுபடுவது கற்பிக்கும் ஆசிரியரும் கட்டணமும்தாம். எனவே விளம்பரப் பலகையில் உள்ள மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட, ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான் நடத்துகிறார்களா என்று அங்கு பயிலும் பிள்ளையிடம் கேளுங்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டையே இரண்டாண்டு உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18 இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 இல் அறிவிக்கப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கிவிட்டது. இனி அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது.

பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி நாம் ஏன் முதலில் கேட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அது நம் வீட்டில் நடந்தது. மூத்த மகளைப் பத்தாம் வகுப்போடு முடியும் ஒரு தனியார் பள்ளியில் நாமே சேர்த்தோம். ஆங்கிலம் நன்றாக வரும் என்றார்கள், நம்பினோம். இமாமின் சம்பளத்தில் கடைசி இரண்டு தவணை நிலுவையாயிற்று. நிலுவையைத் தீர்க்கும்வரை மாற்றுச் சான்றிதழ் தர மறுத்துவிட்டனர். நகையை அடகு வைத்துச் சான்றிதழைப் பெற்றபோது ஜூன் பாதி கடந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் பிரிவு நிரம்பிவிட்டது. மருத்துவத் தாதியாக வேண்டுமென்று ஆசைப்பட்ட பிள்ளை வணிகவியலில் அமர்ந்தாள். இன்றுவரை நம்மிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுவே நமக்குப் பாரமாக இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்குரிய கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. அவ்வாணையைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோமே!

நம் காயலில் பெண் பிள்ளை பிறந்ததும் அவளுக்கு வீடு கட்டும் கவலை வந்துவிடுகிறது. மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்கும் ஊர், கவலை வரத்தான் செய்யும். ஆனால் அவ்வீட்டிற்காக ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை அவளது இரண்டு மேல்நிலை ஆண்டுகளுக்கென்று தனியே எடுத்து வைப்பவர் எத்தனை பேர்? பத்து வரை பெரிய பள்ளி, பின்னர் பணம் தீர்ந்தது, பிள்ளை வீட்டில். இதையே நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பத்து போதாதா என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அன்னையார் எந்த வகுப்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்று அதில் இல்லை.

அந்தச் சகோதரருக்கு மற்றொன்றும் சொன்னோம். தனியார் பள்ளி இரண்டுதானா உங்கள் கணக்கில்? ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2021 இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் அதை விரிவுபடுத்தும் விழா 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியிலேயே நடந்தது. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக் கதவைத் திறக்கும்போது இக்கதவுகள் சாத்தப்படுகின்றன. தெரிந்தே சாத்துவது வேறு, தெரியாமல் சாத்துவது வேறு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பள்ளியைப் பார்க்க நீங்கள் செல்லுங்கள். வாப்பாமார்கள் அலுவலக அறையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பி விடுவார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையை நீங்கள்தான் பார்க்க முடியும். அது சரியில்லாத பள்ளியில் பிள்ளைகள் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருகிறார்கள். எந்தப் பெண்ணும் இதை வாப்பாவிடம் சொல்வதில்லை. பேருந்து எத்தனை மணிக்கு வாசலுக்கு வருகிறது, பெண் உதவியாளர் இருக்கிறாரா, முக்காட்டுக்குத் தடை சொல்வார்களா என்பவற்றைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து ஏறும் பிள்ளை பஜ்ருக்குப் பின் ஓத வர இயலாது.

அச்சகோதரரின் வீட்டார் சென்று பார்த்தனர். மகளையும் உடன் அழைத்துச் சென்றனர். அது நாம் சொல்லாதது, அவர்களுக்கே தோன்றியது. முடிவில் அவ்விரண்டு பள்ளியும் இல்லை. நடந்து செல்லும் தொலைவில் பன்னிரண்டு வரையுள்ள, அரசு உதவி பெறும் ஒரு மகளிர் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தார்கள். ஆங்கிலத்திற்கு மாலையில் தனியே பாடம் வைத்திருக்கிறார்கள். காலையில் பிள்ளை ஓத வந்துவிட்டுத்தான் பள்ளி செல்கிறாள். விண்ணப்பப் படிவங்களுக்குக் கட்டிய பணம் மட்டும் திரும்பி வரவில்லையாம்.

அல்லாஹ் அப்பிள்ளையின் கல்வியில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.