மாரிகாலம் வருமுன்னே

(நமது சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிக்கனமான குடும்பம்" என்ற தலைப்பில் பேசும்படி சங்கத்தின் செயலாளர் அக்கா என்னைக் கேட்டார்கள். வரப்போகும் குளிர்காலத்தை வைத்து அதைப் பேச விரும்புகிறேன். வளைகுடாவில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். நாமும் எட்டு மாதம் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்துவிட்டு, குளிர் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். ஆனால் 2017 பிப்ரவரி 3ஆம் தேதி ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் மைனஸ் 5.7 டிகிரி பதிவானது. குவைத்தின் பாலைவனப் பகுதிகளில் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்தை நெருங்குவது உண்டு. துபாயிலும் ஷார்ஜாவிலும் அத்தனை குளிர் இல்லை. ஆனாலும் தகரச் சுவர் அறையில், இரும்புக் கட்டிலில், ஒற்றைப் போர்வையோடு படுப்பவருக்கு 12 டிகிரியும் பெருங்குளிர்தான்.

இங்குள்ள அரபு மக்கள் ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் நட்சத்திரம் விடியற்காலையில் தெரிந்தவுடனேயே காலம் மாறுகிறது என்று கணக்கு வைக்கத் தொடங்குவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்வதும் அதுதான். வெயில் கொளுத்தும்போதே குளிரை நினைப்பது அவர்களுடைய ஞானம்.

வேதத்தில் பவுல் அப்போஸ்தலனும் அப்படித்தான் நினைத்தார். ரோமாபுரியில் காவலில் இருந்துகொண்டு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13). புதிதாக ஒன்று வாங்கி அனுப்பு என்று கேட்கவில்லை, இருக்கிற பழையதையே கேட்கிறார். சில வசனங்கள் தள்ளி, மாரிகாலத்துக்கு முன்பே வந்துவிடும்படி சொல்கிறார் (4:21). குளிர் போன பிறகு வரும் மேலங்கியால் யாருக்கு என்ன பயன்? சிக்கனத்தின் முதல் பாடமாக நான் இதைத்தான் பார்க்கிறேன்: உள்ளதைக் கொண்டு, காலத்துக்கு முன்னே செய்வது.

நான் நர்சிங் படித்தது ஸ்காட்லாந்தில். மாணவியாக இருந்தபோது தங்கிய வீட்டில் மீட்டர் கார்டில் பணம் ஏற்றினால்தான் ஹீட்டர் வேலை செய்யும். மாதக் கடைசியில் கார்டில் பணம் இருக்காது. வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர்தான், அறையைச் சூடாக்கப் பார்க்காதே, ஆளைச் சூடாக்கு என்று சொல்லிக் கொடுத்தார். தடியான ஒரு சட்டையைவிட மெல்லிய மூன்று சட்டைகள் மேல். அவற்றுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் நம் உடம்பின் சூட்டைக் காப்பாற்றுகிறது. கீழேயிருந்து ஏறும் குளிரைத் தடுத்தால் பாதிக் குளிர் குறையும். இரும்புக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். நம் பாட்டிமார் பழைய பருத்திச் சேலைகளை நாலாக மடித்துத் தைத்து விரிப்பாகப் போட்டதும் இதே கணக்குதான். தலைக்குக் குல்லாவும் காலுக்குச் சாக்ஸும் போடுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை இறக்கிவைக்க ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "அக்கா, பழைய கம்பளி ஏதாவது இருக்குமா? ரூம்ல ராத்திரி தாங்கல," என்று கேட்டார். "பார்த்து வைக்கிறேன் தம்பி, அடுத்த வாரம் வாங்க," என்றேன். எங்கள் அலமாரிக்கு மேலே இரண்டு புதுக் கம்பளிகள் ஜிப் பையோடு இருந்தன. மே மாதம் ஊருக்குப் போகும்போது கொண்டுபோக வாங்கிவைத்தவை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்! அந்தத் தம்பி மறுவாரம் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஒரே அறையிலிருந்து நான்கு பேரைக் கொண்டுவந்தார்கள். முந்தின இரவு வெளியே கரி மூட்டிக் கோழி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மீந்த தணலை வீணாக்குவானேன் என்று தட்டோடு அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் ஏ.சி.யின் இடுக்குகளை ஏற்கெனவே அட்டையும் டேப்பும் வைத்து அடைத்திருந்தார்கள். புகை இல்லை, வாசனை இல்லை, அறை கதகதப்பாக இருந்தது. நன்றாகத் தூங்கிவிட்டார்கள். அதிகாலையில் ஒருவருக்கு மட்டும் தலைவலியும் வாந்தியும் வந்து, தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறார். அவர்தான் அந்தத் தம்பி. முகக்கவசம் போட்டிருந்த என்னைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். என்னைக் குறை சொல்லவில்லை. "அக்கா, அவன் எப்படி இருக்கான்?" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். நாலாவது ஆள் பிழைக்கவில்லை.

கம்பளி கொடுத்திருந்தால் அந்த உயிர் நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். ஒருவனுடைய வஸ்திரத்தை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் போர்த்துப் படுக்க அது ஒன்றே இருக்கிறது என்று கர்த்தர் கட்டளையிட்டார் (யாத்திராகமம் 22:26, 27). நான் யாருடைய வஸ்திரத்தையும் அடகு வாங்கவில்லை. ஆனாலும் அலமாரிக்கு மேலே இருந்த அந்த ஜிப் பைகளைப் பார்த்தபோது இந்த வசனம்தான் என் நினைவில் வந்தது.

எனவே தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொழுந்துவிட்டு எரியாமல் கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்துதான் அது அதிகம் வரும். நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரணக் கருவியால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98 என்று காட்டலாம், அதை நம்பாதீர்கள். ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். உடனே எல்லாரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். எமிரேட்ஸில் 998, குவைத்தில் 112, ஓமனில் 9999. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பேதுரு குளிர்காய்ந்தது அரமனை முற்றத்தில், ஆண்டவர் மீன் சுட்டுவைத்திருந்தது கடற்கரையில். இரண்டும் வெளியில்தான். கரியின் இடம் வெளியே என்று உங்கள் பிள்ளைகளுக்கும் அறைத் தோழர்களுக்கும் இப்படியே சொல்லிக் கொடுங்கள். கூடாரத்துக்குள்ளும் வேண்டாம், காருக்குள்ளும் வேண்டாம். காஸ் அடுப்பை எரியவிட்டு வீட்டைச் சூடாக்குவதும் வேண்டாம்.

ஹீட்டர் வாங்கலாமே என்றால், செலவைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட், மாதத்துக்கு 480 யூனிட். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து அவசியமானால், சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். அதன்மேல் ஈரத்துணி காயப்போட வேண்டாம். தூங்கப்போகுமுன் அணைத்துவிடுங்கள். சில ஸ்பிளிட் ஏ.சி.களில் சூடாக்கும் வசதியும் உண்டு. அதே கதகதப்புக்கு அது ஹீட்டரைவிடக் குறைந்த மின்சாரமே இழுக்கும். உங்கள் ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுடுதண்ணீர்ப் பை மலிவானது, நல்லது. ஆனால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள், துணியில் சுற்றி வையுங்கள். நம்மில் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது, காலையில் எழும்போது கொப்புளமாக இருக்கும். அப்படித் தொடங்கிய புண்ணால் விரலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போதும்.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான். கோடையில் மாடித் தொட்டியின் தண்ணீர் தானே கொதிப்பதால் கீசரை அணைத்துவைத்திருப்போம். இனி குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு போட்டு அணைத்தால் போதும். கம்பளிகளை இப்போதே வெயிலில் காயவையுங்கள். பிள்ளைகளின் ஸ்வெட்டர் சிறிதாகிவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், பெரிய பிள்ளையுடையதை வாங்கிக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பால்கனியில் ஒரு தொட்டியில் வெந்தயம் தூவுங்கள், சில வாரத்தில் கீரை கிடைக்கும். ஃப்ளூ தடுப்பூசி போடாதவர்கள், முக்கியமாக ஆஸ்துமா, சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள், இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். சுக்கு மல்லி காபி தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் அது தடுப்பூசிக்கு ஈடாகாது.

இந்த மாதங்களில் ஏ.சி. ஓடாததால் மின் கட்டணம் குறைகிறது. அந்த மிச்சம் நம் சாமர்த்தியத்தால் வந்ததல்ல, காலத்தை மாற்றுகிற தேவன் தந்தது. அதில் ஒரு பங்கை ஒரு கம்பளியாக மாற்றுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று டிசம்பர் கடைசிவரை வைத்திருக்காதீர்கள். அடுத்த ஆராதனைக்கு வரும்போதே கொண்டுவாருங்கள். ஆலய வாசலில் ஒரு மேஜை போட்டிருப்போம். கம்பளியோடு, "அறைக்குள் கரி வேண்டாம்" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய ஒரு சீட்டையும் மடித்துவைப்போம். அந்தச் சீட்டுக்குச் செலவே இல்லை.

என் அலமாரிக்கு மேலே இருந்த இரண்டும் அந்த ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்தன. மே மாதம் என் பெட்டி லேசாக இருந்தது. அம்மா ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். "அதை நவம்பர்லயே குடுத்திருக்கலாமே," என்றார்கள். உங்களுக்கும் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

கர்த்தர் நம் இல்லங்களையும், தூரத்து அறைகளில் படுத்திருக்கும் நம் பிள்ளைகளையும் இந்தக் குளிர்காலத்தில் காப்பாராக. ஆமென்.