இருவர் காணும் ஊர்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், நாகலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயணமும் இலக்கியமும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கடல்போல் விரிந்த பொருள் அது. அதில் கையளவு நீரை மட்டும் முகந்து தர எண்ணுகிறேன். கணவனும் மனைவியுமாக இருவர் ஒரு பேரூருக்குச் செல்கின்றனர். கையில் இரண்டே நாள்கள். எவற்றைக் காணலாம்? சுற்றுலாக் கையேடுகள் இதற்கு ஒரு பட்டியலை விடையாகத் தருகின்றன. நானும் ஒரு பட்டியல் தரத்தான் போகிறேன். ஆயின் அதற்குமுன் மற்றொரு வினாவைக் கேட்டாக வேண்டும். சேர்ந்து போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து காண்கிறார்களா?

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் இளங்கோவடிகள்.

தமிழில் மிகவும் புகழ்பெற்ற தம்பதியர் பயணம் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குச் சென்ற பயணமே. காடும் ஆறும் கடந்து, கால் நொந்து, வையையைப் புணையில் தாண்டி, மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகின்றனர். அடுத்து வருவது ஊர்காண் காதை. ஊரைக் காண்பவர் யார்? கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மட்டும் போகிறான். பொற்கடை வீதி, மணிக்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாக அவன் கண்வழி நமக்குக் காட்டுகிறார் இளங்கோ. மதுரை முழுவதும் அவன் கண்ணில் விரிகிறது. கண்ணகி புறஞ்சேரியில் காத்திருக்கிறாள்.

கண்ணகி மதில் வாயிலைக் கடப்பது அடுத்த காதையில்தான். மாலை வேளையில் மாதரியின் பின்னே நடக்கிறாள். அப்போது இளங்கோ எவற்றைக் காட்டுகிறார் என்று பாருங்கள்: காவற்காடு, அகழி, மதில்மேல் பகைவரை எறியவும் எய்யவும் நிறுத்தப்பட்ட போர்ப்பொறிகள். அவனுக்குக் கடைவீதி, அவளுக்கு மதிற்பொறி! ஒரே ஊருக்குள் நுழைந்த இருவர்க்கு இருவேறு ஊர்கள் வாய்த்தன. அவள் மதுரையின் வீதிகளில் நடந்ததைக் காவியம் காட்டும்போது அவன் உயிரோடில்லை. அவனுக்கு ஊர்காண் காதை என்றால், அவளுக்கு ஊர்சூழ் வரி. இக்காதைப் பெயர்களை மேலும் கீழும் எழுதி வைத்துப் பாருங்கள், ஓர் இல்லறத்தின் துயரமே அவற்றுள் இருக்கிறது.

புகாரிலும் அப்படித்தான். கடலாட்டு விழாவில் கோவலனோடு மணற்பரப்பில் அமர்ந்து யாழ் மீட்டியவள் மாதவி. காவிரி கடலோடு கலக்கும் இடத்துப் பொய்கைகளில் நீராடினால் கணவனைக் கூடி வாழலாம் என்று தேவந்தி சொன்னபோது, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிட்டாள்.

அன்பர்களே, இக்கருத்தை என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயலாகவே எழுதினேன். மனைவியைப் புறஞ்சேரியில் இருத்திவிட்டு ஊர் காணப் போனவனை அவ்வியலில் நான் மென்மையாக நடத்தவில்லை. அவ்வேட்டை எழுதுவதற்காகச் சென்னைக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மலையிறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சேலத்தில் இரவு வண்டி ஏறுவேன். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்பது அவ்வண்டியின் பெயர். மலை ஏறாத வண்டிக்கு எங்கள் மலையின் பெயர்! கன்னிமாரா நூலகத்தில் பகல் முழுதும் படிப்பேன். மாலையில் கடற்கரைக்குப் போவேன். இத்தனை பயணங்களும் தனியாகத்தான். இரண்டு குழந்தைகளையும், நோயுற்றிருந்த மாமனாரையும், பழுத்து நிற்கும் காப்பித் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு என் கணவர் நாகலூரில் இருந்தார். கோவலனைக் கடிந்து எழுதிய அந்நாள்களில், என் வீட்டில் புறஞ்சேரியில் இருந்தவர் அவர்தாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது, சென்ற ஆண்டு மாசி மாதத்தில். பழம் பறித்து முடிந்து, காப்பியைப் பூக்கவைக்கும் முதல் மழைக்குக் காத்திருக்கும் ஓய்வு நாள்கள் அவை. பிள்ளைகள் விடுதியில் இருந்தனர். "இரண்டு நாள் சென்னைக்குப் போய்வரலாமா?" என்று அவரே கேட்டார். மணமாகி இருபதாண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து போன முதல் பேரூர்ப் பயணம் அது. அப்பயணத்தில் கண்ட இடங்களையே இங்குப் பட்டியலாகத் தருகிறேன்.

முதலாவது, மெரினாக் கடற்கரை. எங்கள் வண்டி விடியுமுன்பே சென்னையை அடைந்துவிடும். விடுதி தேடி உறங்கிப் பொழுதைக் கழிக்காமல் நேரே கடலுக்குப் போய்விடுங்கள். அங்கே அலையில் இறங்கிக் குளிப்பது உயிருக்கே ஆபத்து. காலை நனைத்துக்கொண்டு கதிரவன் எழுவதைப் பார்த்தாலே போதும். பின்னர்க் காமராசர் சாலை ஓரமாக நடந்தால், 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகள் வரிசையாக வரும். அவற்றுள் ஒன்று கண்ணகி சிலை. 2001 திசம்பரில் அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது அச்சிலை. கடலுக்கு முதுகு காட்டி, ஊரை நோக்கி, சிலம்பேந்தித் தனியே நிற்கிறாள் கண்ணகி. அருகிலேயே மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் சிலை இருக்கிறது. 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்து நமக்கு மீட்டுத் தந்தவர். 1903 முதல் அக்கல்லூரியில் தமிழாசிரியர். காப்பியத்தின் தலைவியும் அதன் பதிப்பாசிரியரும் ஒரு சாலையின் இருபுறமும் நிற்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது.

இவ்வளவையும் என் கணவருக்கு வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர், "ஆய்வுக்கு வந்தபோதெல்லாம் இங்கே வருவாயா?" என்றார்.

"வருவேன். பெரும்பாலும் மாலையில்."

"நூலகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். கடலைப் பற்றி ஒருமுறைகூடச் சொன்னதில்லையே."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஆயினும் எனக்கு விடை வரவில்லை. ஊர் கண்டு திரும்பிய கோவலன் மதுரையின் சிறப்பைக் கவுந்தியடிகளிடம் எடுத்துரைத்தான் என்கிறது காப்பியம். கண்ணகியிடம் என்ன சொன்னான் என்று அங்கே இல்லை. நானும் என் ஆய்வு நெறியாளரிடம் எல்லாம் சொன்னேன்; வீட்டில் சொல்லவில்லை.

இரண்டாவது, எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பெற்றது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவிற்கொண்டு நாளை வகுத்துக்கொள்ளுங்கள். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அந்நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்த நான், சில அடிகள் நடந்து படிமக்கூடத்திற்குள் அதுவரை போனதில்லை! என் கணவரே அழைத்துச் சென்றார். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனி இருக்கிறது. சோழர் காலத்துப் படைப்பு, பதினோராம் நூற்றாண்டினது. திருவெண்காடு பூம்புகாருக்கு அண்மையில் உள்ள ஊர். கண்ணகியும் கோவலனும் பிறந்த மண்ணருகே, ஆணும் பெண்ணும் ஓருடலாக வார்க்கப்பட்டிருக்கின்றனர்.

நான் சைவ நூல்களின் தத்துவத்தைத் தொடங்குவதற்குள் அவர் கைகளை எண்ணிவிட்டார். "ஆண் பக்கம் இரண்டு கை, பெண் பக்கம் ஒரு கை. நம் வீட்டில் இத்தனை காலமும் வேலை எந்தப் பக்கம் அதிகம்?" என்று சிரித்தார். சிறிது பொழுது கழித்து, "ஒட்டுப்போட்ட மரத்தில்கூடத் தழும்பு தெரியும். இதில் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை" என்றார். அத்திருமேனியைப் பற்றி அதனினும் சிறந்த திறனாய்வு ஒன்றை நான் படித்ததில்லை.

மூன்றாவது, திருவல்லிக்கேணி. பாரதியார் வாழ்ந்து 1921இல் மறைந்த இல்லம், 1993 முதல் நினைவு இல்லமாக இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலுக்கு அருகிலேயே உள்ளது. பாரதியின் வரலாற்றை எழுதியவர்களுள் அவர்தம் துணைவியார் செல்லம்மா பாரதியும் ஒருவர் என்பதை அங்கே நினைவுகூர வேண்டும். கவிஞன் கண்ட ஊர் கவிதையில் இருக்கிறது. அவனோடு வாழ்ந்தவள் கண்டதை அவளன்றி வேறு யார் சொல்ல முடியும்? கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இதனைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

அத்தெருக்களில் நடந்தபோது ஒரு மளிகைக் கடையின் முன் என் கணவர் நின்றுவிட்டார். மிளகின் விலையைக் கேட்டார். எங்கள் தோட்டத்தில் நாங்கள் பெறும் விலையோடு மனத்துள் கணக்கிட்டார். எனக்கோ மதுரையின் கூல வீதி நினைவுக்கு வந்தது. அவ்வீதியில் தானியங்களோடு மிளகு மூடைகளும் கிடந்தன என்கிறார் இளங்கோ. அதைச் சொன்னேன். "எந்த மலை மிளகு? மழைக்காலத்தில் எப்படிக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள்? விலை வைத்தது விளைவித்தவனா, வாங்கியவனா?" என்று அடுக்கினார். கறி என்ற சொல்லுக்கு 'மிளகு' என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டுக் கடந்துபோனவள் நான். நகரின் கடைவீதிக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது என்பது, மலையில் வாழும் எனக்கே உறைக்கவில்லை. அதைக் காட்டுவதற்கு அவர் உடன்வர வேண்டியிருந்தது.

நான்காவது, மயிலாப்பூரில் உள்ள திருவள்ளுவர் கோயில். வள்ளுவர் மயிலையில் வாழ்ந்தார் என்பது செவிவழி மரபு. வரலாற்றுச் சான்று தேடுவோர் அதனோடு வழக்காடட்டும். அக்கோயிலில் வாசுகி அம்மையாருக்கும் சந்நிதி உண்டு. கணவர் குரல் கேட்டதும் கிணற்றுக் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார் வாசுகி என்னும் கதை நம் எல்லார்க்கும் தெரியும். வகுப்பில் அதைச் சொன்னால் மாணவியர் இன்று சிரிக்கின்றனர். சந்நிதியில் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அக்கதைகளில் எல்லாம் வாசுகி வீட்டிலேயே இருக்கிறார். இருவரும் ஓரிடத்திற்குச் சேர்ந்து போன கதை ஒன்றைக்கூட நம் முன்னோர் புனைந்து வைக்கவில்லை. காமத்துப்பாலில் பிரிவும் காத்திருத்தலும் ஊடலும் நிறைந்துள்ளன. ஊடலுக்குப் பின் இருவரும் சேர்ந்து கடைவீதிக்குப் போனார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அன்று இரவே வண்டி ஏறினோம். மறுநாள் காலைப் பேருந்து மலை வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறியபோது, சன்னலோரம் அமர்ந்திருந்த அவர் சொன்னார்: "நீ போன இடங்களுக்கெல்லாம் இப்போதுதான் நானும் வந்து திரும்புகிறேன்." இருபதாண்டுகளில் கேட்ட சொற்களுள் எனக்கு மிகவும் வலித்ததும் இனித்ததும் அதுவே.

அன்பர்களே, என் பட்டியல் முடிந்தது. நான்கே இடங்கள். பெரிய செலவில்லை. இவற்றுக்குப் பதிலாக நீங்கள் வேறு நான்கைத் தேர்ந்தாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஒருவர் வழிகாட்டியாகவும் மற்றவர் மாணவராகவும் நடந்தால் அது சேர்ந்து காண்பது ஆகாது. ஊரை அறிந்தவர் சற்றுப் பேசாதிருக்க வேண்டும். அறியாதவர் கேட்கும் கேள்வியில்தான் ஊர் புதிதாகத் திறக்கிறது. கோவலன் தீயவன் அல்லன். பிழைக்க வழி தேடியே முதலில் தனியே போனான், என்னைப் போல. தனியே கண்டதைத் திரும்பிவந்து பகிர்ந்துகொள்ளாமையே எங்கள் இருவருடைய குறையும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் வட்டம் ஆண்டுதோறும் இலக்கியச் சுற்றுலா சென்று வருகிறது. பத்தாண்டுப் பயணிகள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். அதில் உறுப்பினர் பெயர்களே உள்ளன. அவர்தம் துணைவரும் துணைவியரும் ஒருமுறையேனும் இடம்பெறவில்லை. பதினோராம் ஆண்டில் இருவராகப் போவோம். திரும்பிவந்ததும் நடக்கும் கூட்டத்தில், கவிதை எழுதுகிறவர் அல்லாத மற்றவரை முதலில் பேசச் சொல்வோம். நமக்குக் கிடைக்காத பாடுபொருள் அவர்களிடம் கிடைக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாதரியின் மனையில் கண்ணகி தன் கையால் சமைத்துப் படைத்த உணவை உண்டபின்தான் கோவலன் சிலம்போடு கடைசி முறையாகப் புறப்பட்டான். இம்மண்டபத்தின் பின்கட்டில் இப்போது நமக்காக மதிய உணவு சமைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் உறுப்பினர்களின் துணைவியர். காலையிலிருந்து ஓர் உரையைக்கூட அவர்கள் கேட்கவில்லை. என் உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். அடுத்த உரை தொடங்குமுன், அடுப்பைச் சற்றே தணித்துவிட்டு அவர்களும் உள்ளே வந்து அமரட்டும். உணவு சிறிது தாழ்ந்தால் தாழட்டும். பரிமாறும் வேலையை நாம் பார்த்துக்கொள்வோம்.