கோடைத் தீவனத்தை மழைக்காலத்திலேயே கட்டி வைப்போம்

(கரியாலூரில் கால்நடை வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்தித் துறையில் எழுதுபவள். கால்நடை மருத்துவர் இல்லை. துறை மருத்துவர்கள் சொல்றதை எல்லாருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்றதுதான் என் வேலை.

சித்திரை, வைகாசியில் மேய்ச்சல் நிலம் காய்ஞ்சு போகுது. அடிவாரத்திலிருந்து வைக்கோல் ஏத்தி வந்தா வண்டி வாடகையும் சேர்ந்துடுது. கடைசியில் கறவை மாட்டையே கிடைச்ச விலைக்கு விற்க வேண்டிய நிலை. ஆனா ஐப்பசி, கார்த்திகையில் இதே மலையில் புல் மண்டிக் கிடக்குது. அந்தப் புல்லைக் கோடை வரைக்கும் காப்பாத்துறதுதான் இன்றைய பேச்சு.

வழி இரண்டு. முதலாவது, உலர்புல். பூக்கத் தொடங்கும்போதே புல்லை அறுக்கணும். விதை முற்றினா தண்டுதான் மிஞ்சும், சத்து குறைஞ்சுடும். மெல்லிசாப் பரப்பி, புரட்டிப் போட்டு, ஈரம் 15 சதவீதத்துக்கு வரும்வரை காய வைக்கணும். தண்டை வளைச்சா படக்குன்னு ஒடியணும், அதுதான் பதம். ஈரத்தோடு கட்டினா பூஞ்சணம் பிடிக்கும். போர் உள்ளே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கடும் வெயிலில் நாள்கணக்கா விட்டாலும் தப்பு. பச்சை நிறம் வெளுக்கும், வேலிமசால் மாதிரியான தீவனத்தில் சத்துள்ள இலையெல்லாம் உதிர்ந்துடும். அதனால் காலைப் பனி ஈரம் லேசா இருக்கும்போதே புரட்டுங்க.

மழையும் மூடுபனியும் உள்ள மாதத்தில் முழுசாக் காய வைக்க முடியாதே என்று கேட்பீங்க. அதுக்குத்தான் இரண்டாவது வழி, ‘ஹேலேஜ்’. புல்லைப் பாதி மட்டும் உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டி வைப்பது. அடிக்கடி மழை பெய்யும் ஐரோப்பிய நாடுகளில் இது வழக்கம். காற்று இல்லாத இடத்தில், பால் தயிராவது போல, புல்லும் புளிச்சுக் கெடாமல் நிற்கும்.

ஒரு பிடி புல்லை முறுக்கிப் பாருங்க. சாறு கசிந்தா இன்னும் காயணும். நொறுங்கினா அதிகம் காய்ஞ்சாச்சு. இரண்டும் இல்லாமல் துவண்டு இருந்தா பதம் சரி. ஓர் அங்குல அளவுக்கு நறுக்கி, தடிமனான பிளாஸ்டிக் பையிலோ மூடியுள்ள பீப்பாயிலோ அழுத்தி மிதிச்சு நிரப்பி, இறுக்கிக் கட்டுங்க. 45 நாள் திறக்கக் கூடாது. எலி ஓட்டை போட்டா அன்றே ஒட்டிடுங்க.

கணக்கு இதுதான். நூறு கிலோ பச்சைப் புல், பாதி காய்ந்தா சுமார் 40 கிலோ ஆகும். மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ என்றால் 90 நாளுக்கு 720 கிலோ. சேதாரமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு டன் பச்சைப் புல் வேணும். மீதி வயிற்றுக்குச் சாமைத் தாளும் வைக்கோலும் போதும்.

எச்சரிக்கை மூணு. பூஞ்சணம் பிடிச்சதையும் அழுகல் நாற்றம் வீசுவதையும் மாட்டுக்குப் போடாதீங்க. புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரையும் பச்சை மரவள்ளி இலையையும் மேய விடாதீங்க. அவற்றில் உள்ள சயனைடு நஞ்சு உயிரையே வாங்கிடும்.

மாட்டுக்கு அவசரம் என்றால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிடுங்க. தீவன விதை, புல்கரணை, புல் நறுக்கும் கருவிக்கான மானியம் இந்த ஆண்டு உண்டா என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. கோடை வந்தபிறகு கேட்காதீங்க, ஆடி மாதத்திலேயே கேளுங்க. முதல் வருஷம் இரண்டு மூட்டை மட்டும் கட்டிப் பாருங்க. மாடு விரும்பித் தின்றால், அடுத்த வருஷம் நீங்களே இருபது மூட்டை கட்டுவீங்க.