சாகப்போகிறவரிடம் ஆராய்ச்சியா?

தந்தையின் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பொருள் வழங்கிய குடும்பத்தார், பேச வருபவர் எதைப் பேச வேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் முழுவதுமாகப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன். அழைப்பிதழில் 'நோய் ஆதரவு சிகிச்சை: ஆய்வுப் போக்குகள்' என்று இருக்கிறது. போக்குகளை வேறொருவர் சொல்லட்டும். முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலரோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. மாநாடுகளில் காபி ஆறுவதற்குள் பாதியில் நின்றுபோகும் வழக்கு அது. இன்று ஒரு மணி நேரத்துக்குக் குறுக்கிட யாரும் எழ முடியாது.

அவர்கள் கட்சி இது: சாகக் கிடப்பவரைக் குலுக்கல் முறை ஆய்வில் சேர்ப்பது ஈரமற்ற வேலை. ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வெறும் தண்ணீர் என்று பிரிப்பதற்கு அவர் என்ன சோதனைக்கூட எலியா? கேள்வித்தாள் முடியுமுன் அவர் போய்விடுவார். அவருக்கு வேண்டியது அன்பு.

அன்பு வேண்டும்தான், யார் மறுத்தது? ஆனால் இதற்குச் சாட்சியாக சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரை அழைக்கும்போதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. சாகக் கிடப்பவர்களுக்காக 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தில், பராமரிப்போடு ஆய்வும் கற்பித்தலும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து இருந்தன. ஹெராயின் என்று நாம் அறியும் டயமார்ஃபினே மார்ஃபினைவிடச் சிறந்தது என்று இங்கிலாந்து மருத்துவர்கள் பலர் சாதித்த காலம் அது. அதே இல்லத்து நோயாளிகளிடம், 1970களில், மருத்துவர் ராபர்ட் ட்வைகிராஸ் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார். வாய்வழியாகத் தக்க அளவில் கொடுத்தால் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. அந்த இல்லத்தில் அன்புக்கு என்ன குறை வந்தது?

இனி ஆக்சிஜன். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன் என்று கேலி செய்கிறார்கள். இன்றும் சொல்கிறேன்.

நுரையீரலில் புற்றுநோய் பரவியவருக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டார் தவித்து ஒரு கான்சன்ட்ரேட்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். முன்பணம், மின்கட்டணம், கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கவலை, இரவெல்லாம் இரைச்சல். மூக்கு வறண்டு புண்ணாகிறது. குழாய் எட்டும் தூரமே நோயாளியின் உலகம். திண்ணைக்கு வர முடியாது, கழிவறைக்குப் போவதே பெரும்பாடு. ஆனாலும் 'ஆக்சிஜன் வெச்சாச்சு' என்று சொல்லும்போது மகனுக்கு ஒரு நிம்மதி. எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும்தான். நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் குறைவு.

ஏமி அபர்னெதி, டேவிட் கரோ என்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து மூன்றிலும் நடந்த ஆய்வு, 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தீராத மூச்சிரைப்பு உள்ள, ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்துவிடாத 239 பேர். 120 பேருக்கு ஆக்சிஜன், 119 பேருக்கு அறையில் இருக்கும் அதே காற்று. இரண்டும் ஒரே மாதிரி இயந்திரத்திலிருந்து, ஒரே மாதிரிக் குழாயில், நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம், 7 நாள். எதில் எது வருகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. காலையும் இரவும் நோயாளியே தன் மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும்.

காலை மதிப்பெண் ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு 0.9 குறைந்தது, காற்றுப் பெற்றவர்களுக்கு 0.7. இரவில் 0.3, 0.5. அதாவது இரு சாராரும் சற்றே தேறினார்கள். ஆக்சிஜனுக்கென்று தனிப் பலன் இல்லை. 'பாதியில் போய்விடுவார்கள்' என்ற நண்பர்களுக்காக இன்னோர் எண்ணையும் சொல்கிறேன்: 239 பேரில் 211 பேர் ஏழு நாளையும் முடித்தார்கள்.

எல்லோருடைய மூக்கிலிருந்தும் குழாயைப் பிடுங்கச் சொல்கிறேன் என்று ஒருவர் எழுதியே விட்டார். இல்லை. ஆக்சிஜன் உண்மையிலேயே தாழ்ந்தவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்கள் கதை வேறு. மற்றவர்களுக்கு வைத்தால், மூன்று நாள் பார்த்துப் பலன் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்கிறேன்.

அப்படியானால் எது உதவும்? அதே 2010இல் கேம்பிரிட்ஜில் சாரா பூத் குழுவினர், கையில் பிடிக்கும் சிறு மின்விசிறியை 50 பேருக்கு ஐந்து நிமிடம் முகத்துக்கும், ஐந்து நிமிடம் காலுக்கும் காட்டினார்கள். முகத்துக்குக் காட்டியபோது மூச்சிரைப்பு குறைந்தது. பனையோலை விசிறியால் பாட்டி அன்றே செய்தாள் என்று உடனே வாட்ஸாப்பில் போட்டுவிடாதீர்கள். பாட்டி வேப்பிலையும் அடித்தாள். இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆய்வு வேண்டியிருக்கிறது.

சம்மதம் எப்படி வாங்குவது என்ற கேள்வி நியாயமானது. கடைசி நேரத்தில் தொண்டையில் கோழை இழுக்கும் சத்தத்தைப் பற்றி நெதர்லாந்தில் ஆறு இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2021இல் வெளியானது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, இல்லத்தில் சேர்ந்தவுடன் நோயாளியிடம் சம்மதம் பெற்றார்கள். சாவு நெருங்கியபோது 157 பேரைக் குலுக்கினார்கள். வயிற்றுப் பிடிப்புக்கு நாம் கொடுக்கும் அதே பஸ்கோபான் மருந்தை முன்கூட்டியே போட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கே அந்தச் சத்தம் வந்தது, போடாதவர்களில் 27. சம்மதம் தர முடியாதவர் என்று நாம் தீர்மானித்த மனிதர், முன்னதாகக் கேட்டால் தருகிறார்.

டிரிப்ஸ் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். 2013இல் எட்வர்டோ ப்ரூரா அமெரிக்காவில் 129 பேரிடம் நாளுக்கு ஒரு லிட்டர் சலைனையும் 100 மில்லியையும் ஒப்பிட்டார். நீர்வறட்சித் தொல்லைகளில் வேறுபாடு இல்லை. 'ஒரு பாட்டிலாவது ஏத்துங்க' என்று வற்புறுத்தும் உறவினரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிச் சொற்பொழிவு.

சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் மேரி வாசான் 1987இல் எழுதிய நூலில், இவர்களை அலைக்கழிப்பது சாவைவிட வேலைச்சூழலும் உடன் வேலை செய்பவர்களும்தான் என்கிறார். முன்வரிசை நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். மீதியை விரைவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீடு வீடாகப் போகிறார்கள். அந்த வருகைகளில் மூச்சிரைப்பு மதிப்பெண்ணையும் குறித்துவைக்கலாம். விசிறி ஆய்வை நம் வெயிலில், ஏற்கெனவே மேலே விசிறி சுற்றும் அறைகளில், திரும்பச் செய்ய வேண்டும். நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கும் குடும்பங்களில் சம்மதம் யாரிடம் வாங்குவது என்பதற்கு நெறிமுறைக் குழுக்கள் கூடி ஒரு முடிவு சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் 0 முதல் 10 வரை எப்படிச் சொல்வார்? விரல்களை மடக்கிக் காட்டச் சொல்லலாமா, காசுகளை அடுக்கச் சொல்லலாமா என்று பார்க்க இந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர் இருவர் போதும்.