காந்தம் இல்லாத ஒலிபெருக்கி

பழைய வானொலிப் பெட்டிகளைத் திருத்துவோர் கையில் சில வேளைகளில் விசித்திரமான ஒலிபெருக்கி ஒன்று அகப்படும். முன்னே காகிதக் கூம்பு இருக்கும். பின்னே கனத்த இரும்புக் கூடும் இருக்கும். ஆயினும் அவ்விரும்பின் அருகே ஓர் ஆணியைக் கொண்டுபோனால் அது இழுபடுவதில்லை. காந்தம் செத்துவிட்டது என்று எண்ணி அதனைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுவோர் பலர். அதிலே சாவதற்குக் காந்தம் எதுவும் முதலிலேயே வைக்கப்படவில்லை. மின்னோட்டம் பாயும்போது மாத்திரம் இரும்பைக் காந்தமாக்கும் பெரியதொரு செப்புக் கம்பிச் சுருளே அக்கூட்டினுள் இருக்கின்றது. அதனைப் புலச் சுருள் என்பர். தொழிலாளர் வழக்கில் அது பீல்ட் கொயில்.

நேயர்களே, இத்தகைய ஒலிபெருக்கியை மீண்டும் பாடவைக்க விரும்பி, அதற்கென வீட்டிலேயே வால்வு அம்பிளிபயர் கட்டுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்கள் முதலில் உணரவேண்டியது ஒன்று உண்டு. அம்பிளிபயரைக் கட்டி முடித்துவிட்டு இந்த ஒலிபெருக்கியை அதனோடு இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணலாகாது. ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்து, அதன் சுருளை அளந்தறிந்த பின்னரே அம்பிளிபயரின் கணக்கைத் தொடங்கவேண்டும்.

இதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் அசையும் சுருளைக் கொண்ட ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். இன்று நாம் காணும் காகிதக் கூம்பு ஒலிபெருக்கிக்குச் சரியான இலக்கணம் வகுத்தவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வுரை 1925இல் வெளிவந்தது. கொழும்பில் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆண்டும் அதுவே. மறு ஆண்டில் அவர்களுடைய ஒலிபெருக்கி ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அக்காலத்து நிலைக்காந்த உருக்கு வலுவற்றது. வலுவானதோ விலை கூடியது. ஆகவே மின்காந்தமே துணையாயிற்று.

அன்றைய வானொலிப் பொறியியலாளரின் சிக்கனம் இங்கேதான் வெளிப்படுகின்றது. வால்வுகளுக்கு நேரோட்டம் வேண்டும். வீட்டுக்கு வருவதோ ஆடலோட்டம். சீராக்கும் வால்வு அதனை ஒரு திசைப்படுத்தினாலும், நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் அலைவு எஞ்சி நிற்கும். அவ்வலைவை அடக்க இரும்பின்மேல் செப்புக் கம்பி சுற்றிய சோக் என்னும் சுருள் ஒன்று தேவை. ஒலிபெருக்கியிலும் இரும்பின்மேல் செப்புக் கம்பிதானே இருக்கின்றது! வால்வுகளுக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதையும் புலச் சுருளின் வழியே செலுத்தினால், சுருள் காந்தமும் ஆகும், அலைவையும் அடக்கும். ஒரு செலவில் இரு வேலை. ஆகவே ஒலிபெருக்கி வானொலியின் வாய் மாத்திரமன்று; அதன் மின்வழங்கலிற் பாதியும் அதுவே.

1931இல் ஜப்பானியரான மிஷிமா, அலுமினியமும் நிக்கலும் கலந்த வலிய காந்த உருக்கைக் கண்டுபிடித்தார். அவ்வழியில் வந்த அல்னிக்கோ காந்தங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிந்தன. புலச் சுருள் மறைந்தது.

இனி அளவைக்கு வருவோம். சுருளின் தடையை மீற்றரால் அளந்தால் அதன் பிறப்பே தெரிந்துவிடும். 4 ஓம், 6 ஓம் எனக் காட்டினால் அது 6 வோல்ட் பாட்டரியில் ஓடிய மோட்டார் வண்டி வானொலியினது. 1,000 முதல் 2,500 ஓம் வரை காட்டினால் மேலே கூறியவாறு தொடரில் இணைக்கப்பட்டது. 5,000 ஓமுக்கு மேலென்றால், பெரும்பாலும் வால்வுகளோடு பக்கமாக நின்று தனக்கென மின்னோட்டம் வாங்கியது. மீற்றர் அசையாவிட்டால் உடனே கைவிடவேண்டாம். கடற்காற்றுப் படும் ஊர்களில் மெல்லிய கம்பி பச்சை பூத்து அறுவது வழக்கம். சுருளின் வெளிமுனையில் அறுந்திருந்தால் பொறுமையுள்ளவர் பற்றவைத்துவிடலாம்.

தொடருக்குரிய 1,800 ஓம் சுருள் ஒன்று கிடைத்ததென வைத்துக்கொள்வோம். அதற்கு இணங்குவது ஒற்றை 6வி6 வால்வு. இவ்வால்வு இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றது. 250 வோல்ட்டில் ஏறக்குறைய 50 மில்லி அம்பியர் எடுத்து, நாலரை வாட் ஒலி தரும். அந்த 50 மில்லி அம்பியர் சுருளினூடு பாயும்போது 90 வோல்ட் அங்கேயே இழக்கப்படும்; சுருளுக்குக் கிடைப்பது நாலரை வாட். நடுத்தர ஒலிபெருக்கி ஒன்றுக்கு இது போதும். 12 அங்குலப் பெரிய ஒலிபெருக்கிக்கு இதைப்போல் இருமடங்கு தேவைப்படலாம். வால்வுக்குப் போக இழப்பையும் கூட்டினால், சீராக்கும் வால்வின் வாயிலில் ஏறக்குறைய 350 வோல்ட் இருக்கவேண்டும். இரு பக்கமும் 300 வோல்ட் தரும் ட்ரான்ஸ்போமரும் 5வை3 வால்வும் இதற்குப் பொருந்தும். இழப்பைக் கருதாது 250 வோல்ட்டையே செலுத்தியவன் சோனியான ஓசையைக் கேட்பான். பழியைப் பழைய ஒலிபெருக்கியின்மேற் போடுவான்.

சுருள் சூடேறும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். செப்பின் வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் தடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். குளிர்ந்தபோது 1,800 ஓமாக இருந்தது, ஒரு மணி நேரம் பாடிய பின் 2,100 ஓமை எட்டும். அளவைச் சூட்டிலேயே எடுத்தல் நன்று.

பழைய ஒலிபெருக்கிகள் பலவற்றில், புலச் சுருளை அடுத்துச் சில சுற்றுக்களே உள்ள தடித்த கம்பிச் சுருள் ஒன்று, கூம்பின் குரற் சுருளோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது வேண்டாத பொருளாகவே தோன்றும். அடங்காத அலைவு குரற் சுருளில் எழுப்பும் உறுமலை, எதிர்த்திசையில் எழும் சம உறுமலால் அழிப்பதே அதன் பணி. அதனை வெட்டி எறிந்தால் உறுமல் தலைதூக்கும். முனைகளை மாற்றி இணைத்தால் இருமடங்காகும்.

இப்பொழுது உயிரைப் பற்றிய செய்தி. நிலைக்காந்த ஒலிபெருக்கியின் கம்பிகளைப் பிள்ளைகள் தொட்டாலும் பொதுவாகக் கேடில்லை. இதன் கம்பிகளிலோ 350 வோல்ட் நிற்கின்றது. ஒலிபெருக்கியின் இரும்புச் சட்டத்தை அம்பிளிபயரின் தகட்டோடு கட்டாயம் இணைக்கவேண்டும்; சுருளின் காப்பு எங்கேனும் கிழிந்திருந்தால் அந்த ஓர் இணைப்பே காக்கும். ஓடிக்கொண்டிருக்கையில் ஒலிபெருக்கியின் செருகியைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் பாரம் நீங்கிய முதற் கண்டென்சர் 420 வோல்ட்டுக்கு மேல் ஏறி, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனை வைத்திருக்கும். 450 வோல்ட் தாங்கும் புதிய கண்டென்சரையே போடுக. அதன் குறுக்கே சேமிப்பை வடிக்கும் தடையொன்றையும் இணைத்துவிடுக. ஐம்பது ஆண்டு உறங்கிய பழைய கண்டென்சரை நம்புவது அறிவீனம்.

மின்காந்த ஒலிபெருக்கிக்கே உரிய தனி இனிமை உண்டென்று வாதிப்போர் உளர். காந்தப் புலம் ஒரே வலுவுடையதாயின், அது சுருளிலிருந்து வந்ததா உருக்கிலிருந்து வந்ததா என்பதைக் கூம்பு அறியாது என்பதே என் கருத்து. அந்நாளைய மெல்லிய காகிதக் கூம்பு நாலரை வாட்டிலேயே ஓர் அறையை நிரப்பவல்லது. இனிமையின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கின்றது. ஆயினும் சுருளில் ஓட்டத்தைக் குறைத்தும் கூட்டியும் புலத்தை மாற்றும் வசதி இதற்கே உண்டு. குறைத்தால் தாழ்ந்த சுரங்கள் தளர்ந்து முழங்கும்; கூட்டினால் இறுகும்.

நன்றாக இருக்கும் பழைய வானொலியைக் குடைந்து ஒலிபெருக்கியை மட்டும் எடுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கறையான் அரித்த பெட்டிகள் போதிய அளவு உண்டு. அவற்றிலிருந்து எடுப்பதே முறை.

எல்லாம் இணைத்தபின் முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஓசையை எதிர்பார்த்துக் குனியவேண்டாம். வால்வுகள் சூடேறும்வரை சுருளில் ஓட்டமில்லை, காந்தமும் இல்லை. அரை நிமிடம் பொறுத்து, மரப்பிடியுள்ள திருப்புளி ஒன்றை, கம்பி முனைகளிலிருந்து விலக்கி, பின்புற இரும்பின் அருகே கொண்டுசெல்லுங்கள். அது பற்றி இழுக்கப்படுமாயின் புலம் உயிர்பெற்றுவிட்டது. அதன்பின் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.