முன்னாள் போராளிகளின் தொழில் வாழ்வும் புலம்பெயர் சமூகத்தின் கடமையும்



2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுக்கு வந்தபின், ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளைச் சிறிலங்கா அரசு 'புனர்வாழ்வு' என்ற பெயரில் தடுத்து வைத்தது. அவர்களுள் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள். 594 பேர் சிறுவர்கள். வெலிக்கந்தை, பூந்தோட்டம் போன்ற நிலையங்களில் தச்சு, மேசன் வேலை, தையல், கணினி எனக் குறுகிய காலப் பயிற்சிகள் வழங்கப்பட்டன. பின்னர் ஒரு சான்றிதழோடு அவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டனர்.

அந்தச் சான்றிதழ் வேலைக்கான கதவைத் திறக்கவில்லை. அதை வைத்திருந்தவரின் கடந்த காலத்தையே முதலாளிக்குக் காட்டிக் கொடுத்தது. புலனாய்வாளர் தேடிவரும் ஒருவரை வேலைக்கு வைத்திருக்கக் கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் அஞ்சினர். இன்னொரு புறம், விடுதலையாகி வந்தவர்களைச் சொந்தச் சமூகமே ஐயத்தோடு நோக்கியது. அவயவங்களை இழந்தவர்களுக்கும், துணைவரை இழந்து குடும்பச் சுமையைத் தனித்துச் சுமக்கும் பெண்களுக்கும் இந்நிலை இரட்டைத் துயராயிற்று.

இவர்கள் தொழில் அறியாதவர்கள் அல்லர். வன்னியில் மருத்துவப் போராளிகள் அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் பணியாற்றினர். கடற்புலிகள் படகு இயந்திரங்களைப் பழுது பார்த்தனர். நிருவாகம், கணக்கு, அச்சு, ஒளிப்படம் எனப் பல துறைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் உள்ளனர். எனினும் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களிடம் க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழ்கூட இல்லை. கையில் திறமை உண்டு; அதற்குத் தாளில் சான்று இல்லை.

உலக அனுபவம் இங்கே பாடமாகிறது. அமெரிக்கா 1944இல் இயற்றிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் வழியாக 1956 வரை ஏறத்தாழ 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். எதைப் படிப்பது, எங்கே படிப்பது என்பதை அவர்களே தெரிவு செய்தனர். நேபாளத்தில் 2012இல் மாவோயிசப் போராளிகளுள் 15,000க்கும் மேற்பட்டோர் 5 முதல் 8 இலட்சம் நேபாள ரூபாய் வரை பெற்றுக்கொண்டு விலகினர். ஏறத்தாழ 1,400 பேர் மட்டுமே அந்நாட்டு இராணுவத்தில் இணைக்கப்பட்டனர். இவ்விரு நாடுகளிலும் குறைகள் இருந்தன. ஆயினும் ஆயுதத்தைக் கைவிட்டவருக்குத் தன் வழியைத் தானே தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தது.

தமிழர் தாயகத்தில் நிகழ்ந்ததோ வேறு. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்னாள் போராளிகளைப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலைக்கு அமர்த்தியது. மாதச் சம்பளம் கிடைத்ததால் பலர் அதை ஏற்றனர். அவர்களைக் குறை கூறுவது அறமன்று. அடுப்பெரிய வேறு வழி இல்லாததே அதன் காரணம். குடிமை வாழ்வுக்குத் திரும்ப வேண்டியவர்கள் மீண்டும் படைத்துறையின் நிழலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதே இங்குள்ள கொடுமை.

இந்நிலையில் புலம்பெயர் சமூகம் செய்யக்கூடியவை பல.

முதலாவது, திறமைக்குச் சான்று பெற்றுக் கொடுத்தல். முறையாகக் கற்காமலே அனுபவத்தால் பெற்ற திறனை மதிப்பிட்டுத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி இலங்கையில் உண்டு. அதற்கான கட்டணம், பயணச் செலவு, இழக்கும் நாட்கூலி ஆகியவற்றைப் பொறுப்பேற்பது சிறு தொகையில் முடியும் பெரும் பணி.

இரண்டாவது, ஒருமுறை உதவியை விடுத்து நீடித்த வருமானத்துக்கு வழி செய்தல். ஆடும் கோழியும் தையல் இயந்திரமும் கொடுப்பது நல்லதே. ஆனால் விளைந்ததையும் தைத்ததையும் வாங்க ஆளில்லையேல் அந்த உதவி ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாயகத்தின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் புலம்பெயர் வணிகர்களுக்கும் இடையே நிலையான கொள்வனவு உடன்பாடுகள் தேவை.

மூன்றாவது, மானத்தையும் பாதுகாப்பையும் காத்தல். உதவி பெறுபவரின் பெயரையும் முகத்தையும் ஊரையும் விளம்பரமாக்குவது அவரது வீட்டு வாசலுக்குப் புலனாய்வாளரை அழைத்து வருவதற்கு ஒப்பாகும். கொடுத்தவரின் பெருமைக்காகப் பெற்றவர் விலை கொடுக்கக் கூடாது.

2009இல் 25 வயதாக இருந்த போராளி இன்று நாற்பதைக் கடந்துவிட்டார். அரச பணிக்கான வயதெல்லை அவரைத் தாண்டிப் போய்விட்டது. உடலில் தங்கிய குண்டுச் சிதறல்களோ இன்னும் வலி தருகின்றன. நினைவு நாள்களில் மாண்டவர்க்குச் சுடரேற்றும் சமூகம், உயிரோடு இருப்பவரின் உலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பது இரக்கமன்று, வேலை.