பரிசுப் புத்தகம் யாருக்கு?

(நூற்றாண்டு நிகழ்வுகளின்போது கல்லூரி நூலகத்தில், பழைய மாணவிகள் சங்க நூலகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிறுவர் நூல்களுக்கு வழங்கப்படும் விருதுகள் பற்றியும், இளம் வாசகர்களுக்காக நூலகங்கள் நடத்தும் நிகழ்வுகள் பற்றியும் பேசும்படி எம்மைக் கேட்டிருக்கிறார்கள். விருதுகளின் பட்டியலை வாசித்துவிட்டு அமர்வது எமது நோக்கமன்று. நூறாவது ஆண்டையொட்டிச் சங்கம் நிதி திரட்டியிருக்கிறது. அதில் நூலகத்துக்கென ஒதுக்கப்படும் பங்கை எப்படிச் செலவிடுவது என்பது வரும் பொதுக்கூட்டத்தில் முடிவாக வேண்டும். அந்த முடிவுக்கு உதவக்கூடிய சில செய்திகளையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

எம்மில் பலருக்கு முதலில் தெரியவந்த விருது, பரிசளிப்பு விழாவில் கிடைத்த புத்தகம்தான். முன்னட்டையின் உட்புறத்தில் கல்லூரிச் சின்னம் பதித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெயர், வகுப்பு, பாடம், ஆண்டு எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அம்மம்மாமார் வாங்கிய பரிசுப் புத்தகங்களைப் பேத்திமார் வாசித்த வீடுகள் எமது ஊர்களில் இருந்தன. 1995 இடப்பெயர்வில் அவற்றுட் பல வீடுகளோடு போயின. சில மட்டும் பெட்டிகளின் அடியில் கிடந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் போய்ச் சேர்ந்தன. பின்னர் புத்தகத்தின் இடத்தைக் கிண்ணமும் கேடயமும் பிடித்துக்கொண்டன.

அந்தப் புத்தகங்களை மீண்டும் கொண்டுவரலாமே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நாளிலும் பரிசுப் புத்தகம் வகுப்பில் முதலாம், இரண்டாம் இடத்துக்கு வந்த பிள்ளைக்கே போனது. வீட்டில் ஒரு கதைப் புத்தகமும் இல்லாத பிள்ளை, மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பிற நாடுகளில் இத்தகைய விருதுகள் எப்படித் தோன்றின என்று பார்ப்போம்.

சிறுவர் இலக்கியத்துக்கென நிறுவப்பட்ட பழைய விருதுகளில் முதன்மையானது அமெரிக்காவின் நியூபெரிப் பதக்கம். அதன் பெயருக்குரிய ஜோன் நியூபெரி 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் புத்தகக் கடை நடத்தியவர். பிள்ளைகள் மகிழ்ந்து வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1744இல் ஒரு சின்னஞ்சிறு புத்தகம் வெளியிட்டார். அதை வாங்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு பந்து, பெண்பிள்ளைக்கு ஊசி குத்திவைக்கும் ஒரு சிறு மெத்தை. எமக்குப் பந்து கிடைக்காதது அன்றைக்கே தொடங்கிவிட்டது போலும்! 1921இல் பிரெடரிக் மெல்ச்சர் என்ற பதிப்புத்துறையாளர் சிறுவர் நூலகர்களின் கூட்டமொன்றில் எழுந்து, ஆண்டின் சிறந்த சிறுவர் நூலுக்குப் பதக்கம் கொடுப்போம் என்றார். 1922இல் முதற் பதக்கம் வழங்கப்பட்டது. அதைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அவர் பதிப்பாளர்களிடமோ பேராசிரியர்களிடமோ கொடுக்கவில்லை. நாள்தோறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நூலகர்களிடம் கொடுத்தார். எந்தப் புத்தகம் அலுமாரியில் தூங்குகிறது, எது கந்தலாகித் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிரித்தானியாவில் 1936இல் நிறுவப்பட்ட கார்னகிப் பதக்கமும் நூலகர்கள் தெரிவுசெய்வதே. 1943, 1945, 1966 ஆகிய ஆண்டுகளில் தகுதியான நூல் இல்லையென்று பதக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பரிசு கொடுத்தேயாக வேண்டும் என்பதற்காகக் கொடுக்காமல் இருக்க அவர்களுக்குத் துணிவு இருந்தது.

அந்தப் பதக்கத்துக்குப் பெயர் தந்த அன்ரூ கார்னகி, தந்தி கொண்டு ஓடும் பையனாக வேலைசெய்த காலத்தில், ஒரு கனவான் தமது வீட்டிலிருந்த நூல்களைத் தொழில்செய்யும் சிறுவர்களுக்குச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். கார்னகி வாசித்து வளர்ந்தது அந்த இரவலில்தான். பின்னாளில் உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்து, 2,500இற்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டக் காசு கொடுத்தார். ஆனால் அமெரிக்க ஊர்களுக்குக் கொடுத்தபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். நிலத்தை ஊர் தரவேண்டும். கட்டடச் செலவின் பத்திலொரு பங்கை ஊரவர் ஆண்டுதோறும் நூலகத்தின் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் காசு இல்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு. நூலகம் ஆண்டுச் செலவு என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். நிதி திரட்டும் எமக்கு இது முக்கியமான செய்தி.

கார்னகிப் பதக்கத்தோடு 1990களில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. நடுவர்கள் குறும்பட்டியலை அறிவித்ததும், பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் குழுக்களாகக் கூடி அதே நூல்களை வாசிக்கிறார்கள். எது நல்லது, ஏன் நல்லது என்று வாதாடுகிறார்கள். பிறகு தமது தெரிவை நடுவர்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நடுவர்களோடு உடன்படாத ஆண்டுகளில்தான் உற்சாகம் அதிகம். இப்போது பிள்ளைகளின் தெரிவும் தனியே அறிவிக்கப்படுகிறது. பெரியவர்கள் கொடுத்த விருது இப்படித்தான் பிள்ளைகளின் விழாவாயிற்று.

அடுத்து ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யெல்லா லெப்மன் ஜேர்மனியில் பிறந்த யூதப் பெண், பத்திரிகையாளர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்குப் போனவர். போர் முடிந்ததும், பெண்கள், இளைஞர் விடயங்களில் அமெரிக்கப் படைக்கு ஆலோசகராக, தம்மை விரட்டிய நாட்டுக்கே 1945இல் திரும்பினார். நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. உணவும் உடையுமே போதாத நேரத்தில் அவர் புத்தகம் கேட்டார். இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பிள்ளைகளின் நல்ல நூல்களை எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள் என்று வேண்டினார். பெல்ஜியம் மறுத்தது. இருமுறை ஜேர்மனியப் படைகளால் மிதிக்கப்பட்ட நாடு அது. அவர் சோர்ந்துவிடாமல் மீண்டும் எழுதினார். பெல்ஜியமும் அனுப்பியது. 1946இல் மியூனிக் நகரில், ஹிட்லரின் ஆட்சி தனது கலைக்காட்சிகளுக்கெனக் கட்டிய மண்டபத்திலேயே, அந்த நூல்களின் கண்காட்சி நடந்தது.

அதிலிருந்து 1949இல் சர்வதேச இளைஞர் நூலகம் பிறந்தது. பிள்ளைகள் அங்கே வாசித்தார்கள், படம் வரைந்தார்கள், நூல்களைப் பற்றி விவாதித்தார்கள். 1953இல் சூரிச்சில் இளையோர் நூல்களுக்கான சர்வதேச சபை உருவானது. அந்தச் சபைதான் 1956 முதல் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் விருதை வழங்கி வருகிறது. அன்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஆந் திகதி உலகெங்கும் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. முதலில் நூல்கள் வந்தன, பிறகு நூலகம், அதன்பின் விருது. இந்த ஒழுங்கைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சுவீடன் அரசு 2002இல் நிறுவிய அஸ்ட்ரிட் லிண்ட்கிறன் நினைவு விருது எழுத்தாளர்களோடு வாசிப்பை வளர்ப்பவர்களையும் ஏற்றுக்கொள்கிறது. 2009இல் அது பலஸ்தீனத்தின் தாமர் நிலையத்துக்குக் கிடைத்தது. மேற்குக் கரையிலும் காசாவிலும், போருக்கும் முற்றுகைக்கும் நடுவில், பிள்ளைகளுக்கு நூல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கும், பிள்ளைகளையே எழுதத் தூண்டியதற்கும் கிடைத்த மதிப்பு அது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரை நாம் 'தங்கத்தாத்தா' என்கிறோம். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியவர் அவர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சொல்லி வருவதே அவருக்குக் கிடைத்த விருது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஓலைச்சுவடிகளையும் அரிய ஏடுகளையும் நினைத்து அழுகிறோம். சிறுவர் பகுதியும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்வோம். நூலகத்தின் அருமையை எமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழில் நல்ல சிறுவர் நூல் இல்லை என்று சொல்வதும் இனிப் பொருந்தாது. இந்திய சாகித்திய அகாதமி 2010 முதல் தமிழுக்கும் பால சாகித்திய விருது வழங்குகிறது. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தகாத தொடுகையைப் பற்றிப் பிள்ளை வாய்திறந்து பேச வேண்டும் என்பதை ஒரு பொம்மையைக் கொண்டு சொல்கிறது. தாய்மார் சொல்லத் தயங்குவதை ஒரு கதை சொல்லிவிடுகிறது. எமது நாட்டில் சிபில் வெத்தசிங்க எழுதிப் படமும் வரைந்த 'குடைத் திருடன்' யப்பானிலும் பரிசு பெற்றது. முதுமையிலும் அவர் ஒரு கதையை முடிக்காமல் விட்டு, முடிவைச் சொல்லும்படி நாட்டுப் பிள்ளைகளைக் கேட்டார். 1,250 முடிவுகளோடு அது நூலாகி, கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. பிள்ளைகளை எவ்வளவு நம்பியிருக்கிறார் பாருங்கள்!

ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி எல்லாம் நடக்கின்றன. 'வாசிப்பின் பயன்' என்று பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைப் பாடமாக்கிய நேரத்தில் ஒரு கதைப் புத்தகத்தை வாசித்து முடித்திருக்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் முடியும்வரை கதைப் புத்தகம் வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு. அதன் பிறகு பிள்ளைக்கு ஆசையே விட்டுப்போகிறது.

ஆகவே எமது குழு சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறது.

முதலாவது, நூலகப் பங்கைப் புதிய கட்டடத்துக்கோ பெயர்ப்பலகைக்கோ செலவிடாமல் வைப்பிலிடுவோம். அதன் வட்டியில் ஆண்டுதோறும் நூல் வாங்குவோம். கிளைச் சங்கங்கள் ஒருமுறை பெருந்தொகை தருவதைவிட, ஆண்டுக்கு ஒரு சிறு தொகை தவறாமல் தருவது எமக்குப் பேருதவி.

இரண்டாவது, 'பிள்ளைகள் தெரிவு' என்று ஒரு விருது. ஒவ்வொரு ஆண்டும் தமிழில் புதிதாக வந்த ஆறு சிறுவர் நூல்களை ஆசிரியர்களும் நூலகப் பொறுப்பாளரும் தெரிவார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி வாங்குவோம். தரம் 6 முதல் 8 வரையுள்ள பிள்ளைகள் நான்கு மாதம் வாசிப்பார்கள். நான்கு நூலாவது வாசித்தவருக்கு ஒரு வாக்கு. பரீட்சையில் எத்தனையாம் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டோம். முடிவு ஒக்டோபரில் அறிவிக்கப்படும். எந்த நூலும் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், அந்த ஆண்டு விருது இல்லை. ஆறில் ஒன்றேனும் எமது நாட்டு எழுத்தாளருடையதாக இருக்க முயல்வோம்.

மூன்றாவது, பரிசளிப்பு விழாவில் கேடயத்துக்குப் பதிலாக மீண்டும் புத்தகம். பரிசு பெறும் பிள்ளை தனது நூலைத் தானே தெரியட்டும். அத்தோடு, முதலாந் தரத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேரும் நாளிலேயே பெயர் எழுதிய ஒரு புத்தகம் கொடுப்போம். அதற்குத் தகுதி, பிள்ளையாக இருப்பது ஒன்றுதான்.

நான்காவது, கண்ணாடி அலுமாரிகளின் திறப்பு. புத்தகம் பழுதாகிவிடும், தொலைந்துவிடும் என்ற பயத்தில் நல்ல நூல்கள் பூட்டியே கிடக்கின்றன. தொலையும் நூல்களுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குவோம். பொறுப்பாளருக்கு அந்தப் பயம் நீங்கினால் அலுமாரி திறக்கும்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், வாசிக்கச் சிரமப்படுகிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். அதே ஆறு நூல்களை ஒவ்வொரு கிளையும் வாங்கி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். அவர்களும் வாக்களிக்கட்டும். இங்கேயுள்ள பிள்ளையும் அங்கேயுள்ள பிள்ளையும் ஒரே கதையைப் பற்றி வாதாட வேண்டும். பழைய நூல்களும் சஞ்சிகைகளும் வேண்டுமானால், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கட்டடத்துக்குக் கொடுத்தால் நன்கொடையாளரின் பெயர் கல்லில் இருக்கும். இத்திட்டத்தில் எவருடைய பெயரும் இராது என்று சிலர் எம்மிடம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் சங்கத்தின் பெயர் ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டைக்குள்ளும் இருக்கும். அதன் கீழே ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும்.

தங்கைமாரே, பெரியவர்கள் நீண்ட நேரம் பேசிவிட்டோம். இந்த உரை முடிந்ததும் அதோ அந்த மேசையிலுள்ள நூல்களை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று எமக்கு வந்து சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் நாம் வந்திருக்கிறோம்.